பயமும் காரணமும்: ‘குருதிப்புனல்’ படம் பற்றிச் சில குறிப்புகள்

மர்மப் படங்களை விமர்சனத்துக்குரிய பொருளாகக் கொள்வது நம்மிடையே பெருவழக்கன்று. சமூகப் படங்களைப் பற்றி விவாதிக்கின்றோம். பக்திப் படங்களைக் கண்டிக்கின்றோம். துப்பாக்கியும் துப்பறிதலும் மலிந்த படமென்றால் பொழுதுபோக்கு என்று சொல்லி ஒதுக்கிவிடுகின்றோம். ஆனால் நம் மாணவர் விரும்பிப் பார்ப்பவை பெரும்பாலும் அவையே. ஆசிரியர் அறையில் ஒதுக்கப்பட்ட படம் வகுப்பறையின் கடைசி வாங்கிலே காட்சி காட்சியாக அலசப்படுகிறது. ஒரு சமுதாயம் எதற்கு அஞ்சுகிறது என்பதை மட்டுமன்றி, யாருக்கு அஞ்சும்படி அது பழக்கப்படுகிறது என்பதையும் அறிவதற்கு மர்மப் படத்தினும் வெளிப்படையான சான்று கிடைப்பது அரிது.

இந்த நோக்கில் ‘குருதிப்புனல்’ என்னும் படத்தை இங்கு ஆராய முற்படுகின்றோம். பி. சி. ஸ்ரீராம் இயக்கிய இப்படம் 1995ஆம் ஆண்டு தீபாவளியை ஒட்டி வெளிவந்தது. கோவிந்த் நிஹலானி 1994இல் இந்தியில் எடுத்த ‘துரோக்கால்’ என்ற படமே இதற்கு மூலம். தமிழில் திரைக்கதை அமைத்தவரும் தலைமைப் பாத்திரத்தை ஏற்றவரும் கமல்ஹாசன். பாட்டு ஒன்றேனும் இல்லாத படம். அவ்வாண்டு ஒஸ்கார் பரிசுப் போட்டிக்கு இந்தியாவின் சார்பில் அனுப்பப்பட்டதும் இதுவே. ஆதி நாராயணன், அப்பாஸ் என்னும் இரு பொலிஸ் அதிகாரிகள் தீவிரவாதக் குழுவொன்றினுள் ஒற்றர்களைப் புகுத்திவைத்திருக்கின்றனர். குழுவின் தலைவன் பத்ரி பிடிபடுகிறான். விசாரணையில் முறியவேண்டியவன் பத்ரி. ஆனால் நாளடைவில் முறிபவன் விசாரிக்கும் ஆதி. மனைவி மக்களின் உயிரைக் காட்டி அச்சுறுத்தப்பட்ட ஆதி, தன் கைதிக்கே ஒற்றனாகிறான். அவனுக்கு மேலுள்ள அதிகாரியோ அதற்கு முன்னரே அந்தப் பக்கம் சென்றுவிட்டவர். அப்பாஸ் மாள்கிறான், ஈற்றில் ஆதியும் மாள்கிறான்.

படத்தின் சிறப்பை முதலில் ஒப்புக்கொண்டுவிடுவோம். வள்ளுவர் ஒற்றாடலுக்கென ஓர் அதிகாரமே வகுத்தார். அரசன் தன் பகைவரை மட்டுமன்றித் தன் அலுவலரையும் உறவினரையும்கூட ஒற்றால் அறியவேண்டும் என்றும், ஓர் ஒற்றனின் சொல்லை இன்னோர் ஒற்றனைக்கொண்டு சோதிக்கவேண்டும் என்றும் அவ்வதிகாரம் கூறும். அதனை அரசியல் நுட்பம் என்று பாடஞ்சொல்லிச் செல்கின்றோம். அவ்வாறு எல்லாரும் எல்லாரையும் ஒற்றறியும் ஓர் அமைப்பினுள்ளே வாழ்கின்ற மனிதனின் நித்திரை எப்படியிருக்கும், அவன் மனைவியோடு எவ்வாறு பேசுவான், தொலைபேசி மணி அவன் காதில் எவ்வாறு ஒலிக்கும் என்னும் கேள்விகளை உரையாசிரியர் எவரும் எழுப்பவில்லை. அக்கேள்விகளை இப்படம் எழுப்புகிறது. ஒற்றாடுபவன் ஒற்றாடலினால் தூய்மையாக வெளிவரமாட்டான் என்பதைத் தமிழ்ப் படமொன்று இவ்வளவு துணிவோடு காட்டியது பாராட்டத்தக்கதே. நாசரின் பத்ரி குரலை உயர்த்தாது பேசும் காட்சிகளில், கட்டப்பட்டவன் யார், கட்டியவன் யார் என்னும் மயக்கம் பார்ப்போருக்கு உண்டாகிறது. எந்த மனிதனுக்கும் அவன் முறிந்துபோகும் எல்லை ஒன்றுண்டு என்பது படத்தின் மையக் கருத்து. பொலிஸ்காரரை மாவீரராக்கி வழிபடும் படங்களுக்கிடையே இது வேறுபட்ட குரல்.

தமிழ்த் திரையில் இதற்கு முன்னோடி இல்லாமலில்லை. எஸ். பாலச்சந்தர் ஏவி.எம். நிறுவனத்துக்காக இயக்கிய ‘அந்த நாள்’ 1954இல் வெளிவந்தது. அதிலும் பாட்டில்லை. 1943இல் சென்னையில் ஜப்பானியர் குண்டு வீசிய காலத்தில், ஜப்பானியருக்குத் தகவல் விற்ற வானொலிப் பொறியியலாளன் ஒருவன் சுடப்பட்டு இறக்கிறான். சுட்டவள் யாரென்று இறுதியில் தெரியும்போது, அரசாங்கத்தின் சந்தேகம் படுக்கையறை வரை வந்து நின்றுவிட்டதைக் காண்கின்றோம். எனினும் அப்படத்தின் துரோகிக்கு ஒரு காரணம் இருந்தது. திறமையிருந்தும் தன் நாட்டிலே மதிக்கப்படாத படித்த இளைஞனின் கசப்பு அது. அவன் தேர்ந்த வழி தவறானது. ஆனால் அவன் எங்கிருந்து அவ்வழிக்கு வந்தான் என்பதைப் படம் மறைக்கவில்லை. நாற்பத்தொரு ஆண்டுகளுக்குப் பின் வந்த படத்தில் நாம் தேடுவது அத்தகைய காரணத்தையே.

யார் இந்தப் பத்ரி? அவனுடைய குழு எதற்காகப் போராடுகிறது? இடதுசாரித் தீவிரவாதிகள் என்று ஊகிக்குமாறு விடப்பட்டிருக்கிறது. ஆனால் நிலம், கூலி, சாதி, பசி ஆகிய எதுவும் கதையை ஓரங்குலமேனும் நகர்த்தவில்லை. பத்ரி பேசாமலில்லை, அவன் பேச்சு விசாரணை அறையில் நடைபெறும் சதுரங்கத்தின் காய்நகர்த்தலாக நின்றுவிடுகிறது. ஆதிக்கு வீடிருக்கிறது, மனைவியிருக்கிறாள், பிள்ளையிருக்கிறான், மனச்சாட்சி இருக்கிறது. பத்ரிக்கு இருப்பவை கூர்ந்த பார்வையும் கொள்கையின் நிழலும் மாத்திரமே. கண்காணிப்பவனுக்கு முழு வாழ்வையும் கண்காணிக்கப்படுபவனுக்கு வெறும் முகத்தையும் வழங்கிவிட்டுப் பின்னர் இருவரையும் ஒரே தராசில் நிறுத்தும் நடுநிலையை நாம் நடுநிலை என்று ஏற்கமாட்டோம்.

படத்தின் பெயர் இக்குறையை மேலும் உறுத்தச் செய்கிறது. ‘குருதிப்புனல்’ என்றதும் இலக்கிய வாசகரின் நினைவுக்கு வருவது இந்திரா பார்த்தசாரதியின் நாவல். 1975இல் வெளிவந்து 1977இல் சாகித்திய அகாதெமிப் பரிசு பெற்ற அந்நாவல், 1968 டிசெம்பர் 25ஆம் திகதி இரவு தஞ்சை மாவட்டத்துக் கீழ்வெண்மணியில் நிகழ்ந்த கொடுமையை அடிப்படையாகக் கொண்டது. ஒரு குடிசைக்குள் அடைபட்ட 44 தாழ்த்தப்பட்ட மக்கள், பெரும்பாலும் பெண்களும் குழந்தைகளும், அன்று எரிக்கப்பட்டனர். கூலியாகக் கூடுதல் நெல் கேட்டதும் செங்கொடிச் சங்கத்தைக் கைவிட மறுத்ததுமே அவர்கள் செய்த குற்றம். வசதி படைத்த மிராசுதார்கள் தாமே நேரில் நடந்துசென்று தீவைத்திருப்பர் என்பது நம்பத்தக்கதன்று எனச் சென்னை உயர்நீதிமன்றம் கருதியது, அவர்கள் விடுதலையாயினர். நாவல் குறையற்றதன்று. நிலப்பிரபுவின் வெறிக்கு அவனுடைய ஆண்மைக் குறைபாட்டைக் காரணமாக்கியதை இடதுசாரி விமர்சகர் கண்டித்தனர், கண்டனம் நியாயமானதே. ஆயினும் அந்தக் குருதி எந்த வயலில், யாருடைய உடலிலிருந்து, எத்தனை படி நெல்லின் பொருட்டுச் சிந்தப்பட்டது என்பது நாவலைப் படித்தவருக்குத் தெரியும். இருபது ஆண்டுகள் கழித்து அதே பெயரைத் தாங்கிய படத்தில் ஆறாக ஓடும் குருதிக்கு ஊற்று எதுவென்று தெரியவில்லை. பெயரொற்றுமை தற்செயலானதாயிருக்கலாம். இரண்டுக்குமிடையே நேர்ந்த இழப்பு தற்செயலானதன்று. கிளர்ச்சியின் காரணத்தைப் பேசுவதைத் தவிர்த்து அதன் பயங்கரத்தை மட்டும் பேசுவது நடுத்தர வர்க்கத்தின் கலைக்கு வசதியாயிருந்த காலத்தின் விளைவு அது.

பெயரைப் பற்றி இன்னுமொன்று சொல்லவேண்டும். இந்திப் பெயரின் பொருள் துரோகத்தின் காலம் என்பதாகும். தெலுங்கிலே இப்படம் ‘துரோகி’ என்றே வெளிவந்தது. தமிழில் மட்டும் துரோகம் நீங்கிக் குருதி வந்து அமர்ந்தது. சென்னையில் அதற்கு வணிகக் காரணம் ஏதேனும் இருந்திருக்கலாம். ஆனால் இலங்கைத் தமிழருக்கோ, ஆராயப்படவேண்டிய சொல் அந்தத் துரோகமே. எண்பதுகளில் வடக்கின் வீதிகளில் அச்சொல் மின்கம்பங்களிலே தொங்கியது. கம்பத்தில் கட்டப்பட்டுச் சுடப்பட்டவனின் கழுத்தில் அட்டை. அட்டையில் அவன் குற்றம். விசாரித்தவர் யார், சாட்சி சொன்னவர் யார் என்று கேட்க வீதியிற் சென்றோருக்கு நாவெழவில்லை. கேட்டவனும் அதே பட்டியலிற் சேர்ந்துவிடலாம் அல்லவா? 1989 செப்டெம்பர் 21ஆம் திகதி யாழ்ப்பாணப் பல்கலைக்கழகத்தின் உடற்கூற்றியல் ஆசிரியர் ராஜினி திராணகம சுட்டுக்கொல்லப்பட்டார். அரசு, இந்தியப் படை, இயக்கங்கள் ஆகிய எல்லாத் தரப்பினரதும் வன்முறையை ‘முறிந்த பனை’ என்னும் நூலிலே பதிவு செய்தவர்களுள் அவர் ஒருவர். பின்னர் இயக்கத்தின் ஆட்சிக்குட்பட்ட பகுதியிலிருந்து வெளியேறுவதற்குப் ‘பாஸ்’ வேண்டியிருந்தது. அதற்குப் பிணையாள் ஒருவர் பின்னே நிற்கவேண்டியிருந்தது. குடும்பத்தைக் காட்டி ஆதியை அடக்கும் பத்ரியின் உபாயம் நம் மக்களுக்குப் புதிதன்று.

இதனைக் கூறத் தயங்கும் நண்பர் சிலரை அறிவோம். அரசுக்கு வாய்ப்பாகிவிடும் என்பர். அரசின் ஒற்றாடலை மட்டும் கண்டித்து, விடுதலையின் பெயரால் நடந்த ஒற்றாடலை விழுங்கிவிடும் எழுத்தினால் அரசுக்கும் தீங்கில்லை, மக்களுக்கும் நன்மையில்லை. இவ்விடயத்தில் ‘குருதிப்புனல்’ நம் எழுத்தாளர் பலரைக் காட்டிலும் ஒருபடி முன்னே நிற்கிறது. சந்தேகத்தை ஆயுதமாகக் கொண்ட எந்த அமைப்பும் முதலில் தன்னுள்ளேயே நஞ்சேற்றிக்கொள்ளும் என்பதை அது இரு பக்கத்துக்கும் பொதுவாக்கிக் காட்டியது. அந்த உண்மையைச் சமூகக் காரணங்களோடு இணைத்திருந்தால் இப்படம் பெருங்கலையாகியிருக்கும். இணைக்காமையால் மனித இயல்பே இப்படித்தான் என்ற அவநம்பிக்கையில் போய் முடிந்தது.

இப்படத்தைப் பம்பலப்பிட்டியிலிருந்து பார்ப்போருக்கு வேறொரு வேறுபாடும் புலனாகும். திரையில் கண்காணிப்பு என்பது இரண்டு கூர்மதியாளரின் போட்டி. இரகசியச் சொற்கள், மறைவிடங்கள், ஒளியும் இருளும். காலி வீதியின் இருமருங்கும் வாழ்ந்த மக்கள் அறிந்த கண்காணிப்போ சலிப்பூட்டும் ஒரு கடதாசி வேலை. அதற்கு மதிநுட்பம் வேண்டியதில்லை. ஒரு பட்டியல் போதும். 1983 ஜூலையில் கொழும்பிலே தமிழர் வீடுகளைத் தேடிவந்த கும்பல்களின் கையில் வாக்காளர் பட்டியல் இருந்தது. எந்த வீட்டுக்குத் தீ வைப்பது, எந்த வீட்டை விட்டுச் செல்வது என்பதை அதுவே தீர்மானித்தது. மக்களாட்சியின் அடிப்படை ஆவணம் ஒன்று கொலைக்கு வழிகாட்டியான கதையை எந்த மர்மக் கதாசிரியனும் கற்பனை செய்திருக்கமாட்டான். ‘குருதிப்புனல்’ வெளிவந்த 1995 ஒக்டோபரில், 17ஆம் திகதி ‘ரிவிரெச’ இராணுவ நடவடிக்கை தொடங்கியது. 30ஆம் திகதி வலிகாமத்து மக்கள் மழையிலே இலட்சக்கணக்கில் வீடுகளைவிட்டு வெளியேறினர். மூன்று மாதங்கள் கழித்து, 1996 ஜனவரி 31ஆம் திகதி கொழும்பு மத்திய வங்கி குண்டினால் தகர்க்கப்பட்டுப் பல இன மக்களும் மாண்டனர். அக்கொடுமைக்குப் பின் ஒவ்வொரு தமிழ் முகமும் மேலும் ஒரு விண்ணப்பப் படிவமாயிற்று. பெயர், அடையாள அட்டை இலக்கம், சொந்த ஊர், கொழும்புக்கு வந்த காரணம். காரணம் என்ற இடத்திலே என்ன எழுதுவது? உயிர் வாழ்வதற்கு என்று எழுதினால் அது போதிய காரணமாகக் கொள்ளப்படவில்லை.

போதாது என்பது 2007 ஜூன் 7ஆம் திகதி அதிகாலையில் உறுதியாயிற்று. வெள்ளவத்தை, கொட்டாஞ்சேனை, புறக்கோட்டை முதலிய இடங்களில் லொட்ஜுகளில் தங்கியிருந்த தமிழர் நித்திரையிலிருந்து எழுப்பப்பட்டு, பொருள்களை எடுக்கவும் போதிய நேரமின்றிப் பஸ்களில் ஏற்றப்பட்டனர். 376 பேர் வவுனியாவுக்கும் கிழக்குக்குமாக அனுப்பப்பட்டனர். மறுநாளே மாற்றுக் கொள்கைகளுக்கான நிலையத்தின் மனுவின்பேரில் உயர்நீதிமன்றம் அவ்வெளியேற்றத்தைத் தடுத்து இடைக்கால உத்தரவு பிறப்பித்தது. அப்போதைய பிரதமர் வருத்தம் தெரிவித்தார். அடுத்த ஆண்டு வடக்கிலிருந்து வந்து மேல் மாகாணத்திலே தங்கியிருந்தோர் அனைவரும் தம்மைப் பதிந்துகொள்ளவேண்டும் என்ற கட்டளை வந்தது. இங்கே வில்லன் எவனும் இல்லை. மேசையின் பின்னால் ஒரு கான்ஸ்டபிள், அவர் கையிலே பேனை. வரிசையில் நின்ற முதியவரிடம் அவர் பரிவாகவும் பேசியிருக்கலாம். பத்ரியின் கண்களைக் கண்டு நடுங்கப் பழகிய பார்வையாளன் இந்தப் பேனையைக் கண்டு நடுங்கக் கற்றுக்கொள்வதில்லை. மர்மப் படங்கள் பெரும்பாலானவற்றின்மேல் நமக்குள்ள குறை இதுவே.

முறியும் எல்லை என்பதும் இவ்வாறே. படத்தில் அது மனோதத்துவ உண்மை. நம் நாட்டில் அதற்குச் சட்ட மதிப்பும் இருந்தது. சாதாரணச் சட்டப்படி பொலிஸாரிடம் அளித்த குற்ற ஒப்புதல் நீதிமன்றத்திற் சான்றாகாது. 1979இல் தற்காலிகமானதென்று சொல்லிக் கொண்டுவரப்பட்டு 1982இல் நிரந்தரமாக்கப்பட்ட பயங்கரவாதத் தடைச்சட்டமோ, உதவிப் பொலிஸ் அத்தியட்சர் தரத்துக்குக் குறையாத அதிகாரியிடம் அளித்த ஒப்புதலைச் சான்றாக ஏற்றது. ஆகவே மனிதன் முறியும் கணத்துக்கு ஒரு விலை ஏற்பட்டது. முறிப்பதற்கு ஓர் ஊக்கமும் ஏற்பட்டது. தமக்கு விளங்காத சிங்களத்தில் எழுதப்பட்ட வாக்குமூலத்தில் கையொப்பமிட்டு ஆண்டுக்கணக்கிற் சிறையிலிருந்தோர் பலர்.

அவர்களுடைய பக்கத்திலே ஒளிப்பதிவுக் கருவியைக் கொண்டுவந்து வைத்த படம் வெற்றிமாறனின் ‘விசாரணை’. 2015இல் வெனிஸ் திரைப்பட விழாவிற் காட்டப்பட்டது. கோயம்புத்தூர் ஆட்டோ ஓட்டுநர் மு. சந்திரகுமார் தம் அனுபவத்தைக்கொண்டு எழுதிய ‘லாக்கப்’ என்னும் நூல் அதன் மூலம். பிழைப்புக்காகக் குண்டூர் சென்று, வாடகைக்கு வழியின்றிப் பூங்காவிலே படுத்துறங்கும் தமிழ்த் தொழிலாளர் பிடிக்கப்படுகின்றனர். செய்யாத திருட்டை ஒப்புக்கொள்ளுமாறு அடிக்கப்படுகின்றனர். நீதிபதியின் மொழி அவர்களுக்குத் தெரியாது. அவர்களுடைய மொழி நீதிபதிக்குத் தெரியாது. ‘குருதிப்புனல்’ காட்டிய விசாரணை அறையும் ‘விசாரணை’ காட்டிய அறையும் ஒன்றே. நாற்காலி மாத்திரம் மாறியிருக்கிறது. முன்னதில் அடிப்பவனின் மனவேதனையை உணர்ந்தோம். பின்னதில் அடி விழுகிறது. ஏன் இவர்கள்மீது விழுகிறது என்பதும் தெரிகிறது. அவர்கள் ஏழைகள், அயலூரார், கேட்பாரற்றவர். ஒரு வழக்கை முடிக்கவேண்டிய அவசரம் அதிகாரிக்கு இருக்கிறது. காரணம் இவ்வளவு எளியதாயிருப்பதே பயங்கரம்.

அப்படத்தையும் நாம் முழுமையாக ஏற்பதற்கில்லை. அறியக்கூடாததை அறிந்துவிட்டமையால் தொழிலாளர் இறுதியிற் கொல்லப்படுகின்றனர். மூலநூலை எழுதியவரோ உயிரோடு மீண்டார், எழுதினார், அந்நூல் உலகின் முன் சாட்சியாயிற்று. மீண்டுவந்து பேசிய மனிதனின் கதை படத்திலே மீளமுடியாத இருளாக மாறியமைக்குக் கலைக்காரணம் இருக்கலாம். ஆனால் சாட்சியம் சாத்தியமென்னும் செய்தியே அதனால் அடிபட்டுப்போயிற்று.

இன்று கண்காணிப்பு சட்டைப்பையிலுள்ள தொலைபேசிக்கு வந்துவிட்டதென்றும் பழைய பட்டியல்களின் காலம் கடந்துவிட்டதென்றும் மாணவர் கூறுவதுண்டு. 2018இல் வந்த ‘இரும்புத்திரை’ அப்பொருளையே எடுத்தது. மக்களின் தகவல்களைத் திருடி அவர்களது வங்கிக் கணக்கைத் துடைக்கும் ஒரு கும்பலும் அதன் தலைவனும் அதில் வருகின்றனர். தலைவனாக நடித்தவர், இருபத்துமூன்று ஆண்டுகளுக்கு முன் அப்பாஸாக நடித்த அதே அர்ஜுன். அத்தலைவன் வீழ்த்தப்பட்டதும் நாமும் நிம்மதியாக எழுந்து செல்கின்றோம். தகவலைச் சேர்த்துவைத்திருக்கும் வங்கியும் நிறுவனமும் அரசும் படம் முடிந்த பின்னும் அப்படியே இருக்கின்றன. பிரான்சிஸ் போர்டு கொப்பொலா 1974இலேயே ‘கன்வர்சேஷன்’ என்ற படத்தில் இதனினும் ஆழமாகச் சென்றிருந்தார். பிறர் பேச்சை ஒட்டுக்கேட்டு விற்பதைத் தொழிலாகக் கொண்டவன், தன் வீட்டிலும் ஒட்டுக்கேட்கும் கருவி இருக்கிறதென்று அறிந்து சுவரையும் தரைப்பலகையையும் பெயர்த்தெறிகிறான், கருவி கிடைக்கவில்லை. அவனை ஏவியது ஒரு பெரிய நிறுவனம். தொழிலாளியைப் போலவே ஒற்றனும் தன் உழைப்பின் பயனுக்கு அந்நியனாகிவிடுவதை அதிற் காணலாம்.

நம் அனுபவத்திலிருந்து அத்தகைய படம் ஏன் இன்னும் வரவில்லை? வருமாயின் அதற்குக் கடற்கரையோரத் துப்பாக்கிச் சண்டை வேண்டியதில்லை. 2007ஆம் ஆண்டு, ஒரு லொட்ஜ், கீழே முன்மேசையில் அமர்ந்து வருவோர் பெயரை எழுதும் எழுதுவினைஞன். அவனும் வடக்கிலிருந்து வந்தவன்தான். ஒவ்வொரு மாலையும் பதிவேட்டின் பிரதியைப் பொலிஸ் நிலையத்திற்குக் கொண்டுசெல்கிறான்; அது அவனுடைய வேலை, அதற்குச் சம்பளம் கிடைக்கிறது. ஒருநாள் அதிகாலை இரண்டு பஸ்கள் வாசலில் வந்து நிற்கின்றன. இறங்கிவரும் அதிகாரியின் கையிலுள்ள தாளிலே தன் கையெழுத்தை அவன் காண்கிறான்.